மேஸ்திரி முடிச்சு

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கும்படியாக நாங்கள் எதுவும் செய்ததில்லை என்றும் சேர்த்துச் சொல்வேன். அந்த இரண்டாவது வாக்கியம் வரும்போது மட்டும் என் மனைவி செபாஸ்தியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முப்பத்து நாலு வருடமாக அவளுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பால் பொங்குகிறது.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தெட்டு வருடம் வைண்டிங் மேஸ்திரியாக இருந்தவன். வைண்டிங் என்பது நூலைக் கோனில் சுற்றும் பகுதி. ஓடுகிற நூல் அறுந்தால் இரண்டு முனையையும் பிடித்து, இமைக்கும் நேரத்தில் முடிந்து, மறுபடி ஓடவிட வேண்டும். முடிச்சு கண்ணுக்குத் தெரியக் கூடாது. விரலுக்குத் தட்டக் கூடாது. நூலில் தலைமுடியோ நாரோ ஒட்டியிருந்தால் பிடுங்கி வேஸ்ட் பையில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இந்த அவ்வளவை வைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் என்னைப்போல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் குறைவு. நான் போட்ட முடிச்சை எவரும் கண்டுபிடித்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்.

என் மகள் சகாயசெல்வி சென்னையில் ஒரு கடலாய்வு நிலையத்தில் எஞ்சினியர். அங்கே என்ன செய்கிறாள் என்று ஊரில் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. ஆகவே நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். உள்ளே எத்தனை பேர் போகலாம் என்று மாதா கோயில் வாசலில் ஒருவர் கேட்டார். நாற்பது என்றேன்.

2006 தை மாதம் அந்தக் கப்பல் வேடசந்தூரை அடுத்த எரியோட்டுக்கு வந்தது. ஒரு மினி லாரியில், பழைய மெத்தைகளுக்கு நடுவில், ஆறடி நீளத்தில் மஞ்சளாகப் படுத்திருந்தது. மூக்கு மழுங்கியிருந்தது. வால் பக்கம் நான்கு செதிலும் ஒரு விசிறியும் இருந்தன. நாற்பது பேர் அல்ல, நாற்பது இட்லி வைத்தால் நிறைந்துவிடும்.

"இதுக்குள்ள யாரும் போக மாட்டாகளாம்மா?" என்று கேட்டேன்.

"யாரும் போகாம இருக்குறதுக்குத்தான்ப்பா இது" என்றாள் செல்வி. "கடலுக்கடில ரேடியோ எடுக்காது, செல்போன் எடுக்காது. மேல இருந்து யாரும் ஓட்ட முடியாது. இங்கின இருந்து அங்கின போ, தரையில இருந்து பத்து மீட்டர் மேலயே போ, மேடு பள்ளத்த அளந்துக்கிட்டு வான்னு சொல்லி அனுப்பிருவோம். அதுவா போயி அதுவா வரணும்."

சொன்ன பேச்சைக் கேட்டுத் தனியாகப் போய்விட்டு வீடு திரும்பும் பிள்ளை. நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன்.

நிலையத்தின் சோதனைத் தொட்டி பழுதுபார்ப்பில் இருந்தது. கடலில் விடுவதற்கு முன் அசையாத, தெளிந்த தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். முந்தின ஐப்பசியில் பெய்த மழையில் எரியோட்டில் எனக்குப் பழக்கமான பெருமாள்சாமியின் தென்னந்தோப்பை ஒட்டிய கல்குவாரிக் குழி விளிம்புவரை நிறைந்து கிடந்தது. எழுபதடி ஆழம். இடத்தைச் சொன்னவன் நான். செல்வியின் மேலதிகாரி ஆனந்த்ராஜ் வந்து பார்த்துச் சம்மதித்தார். நாற்பது வயது, ஒல்லியான மனிதர், சிரிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த மஞ்சள் வண்டியைத் தோப்பு மோட்டார் அறையில் பூட்டி வைத்தார். பெருமாள்சாமியின் தோப்பில் வேலை பார்த்த பேச்சாயி அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். இந்தப் பேச்சாயி ஒரு காலத்தில் என் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவள்தான். அவளுக்கு என்னைப் பார்த்ததில் அப்படியொன்றும் சந்தோஷம் இல்லை.

வண்டியின் வயிற்றில் ஓர் அலுமினியக் குழாய். அதற்குள் செல்வி வடிவமைத்த பெட்டி. வண்டி எத்தனை ஆழத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, அடுத்து என்ன செய்யப் போகிறது என்பதையெல்லாம் மேலே சொல்லும் பெட்டி அது. பேச்சுப் பெட்டி என்று அவர்கள் கூப்பிட்டார்கள். சோதனை முடியும்வரை வண்டியின் பின்னால் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் வழியாக அது பேசுவதைக் கரையில் கணினித் திரையில் பார்ப்பார்கள். அந்தப் பெட்டியை வெளிநாட்டில் வாங்கிவிடலாம் என்பது நிலையத்தில் பலர் கருத்து. நாமே செய்யலாம் என்று இரண்டு வருடம் மல்லுக்கு நின்றவள் செல்வி. புதன்கிழமை மூன்று பேர் கொண்ட குழு பார்வையிட வருகிறது. பெட்டி பேசாவிட்டால் வெளிநாட்டுப் பெட்டி வந்துவிடும், செல்வி கொள்முதல் பிரிவில் காகிதம் பார்க்கப் போவாள். இதை அவள் சோறு சாப்பிட்டுக்கொண்டே, வெஞ்சனத்தைத் தொடாமல் சொன்னாள்.

முதல் நாள் அவள் அந்தக் குழாயை மூடுவதைப் பார்த்தேன். மூடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மசகு தடவினாள்.

"இதுல ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாப் போதும்ப்பா, அந்த வழியா கடலே உள்ள வந்துரும்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இருபத்தெட்டு வருடமாக நான் கத்தியதும் அதைத்தான். என் ரத்தம் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களிடமும் சொன்னேன்.

சனிக்கிழமை வண்டி முதன்முறையாகத் தண்ணீரில் இறங்கியது. தண்ணீரைவிட ஒரு துளி லேசாக இருக்க வேண்டுமாம், பழுதானால் தானே மிதந்து வருவதற்கு. அதற்காக விரல் நீள ஈயத் துண்டுகளை வைத்தும் எடுத்தும் ஒரு மணி நேரம் பார்த்தார்கள். பிறகு அது மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே போனது. திரையில் எண்கள் ஓடின. மூன்று மீட்டர், ஐந்து மீட்டர், எட்டு. செல்வி கைதட்டினாள். ஆனந்த்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தார், அதாவது சிரித்தார்.

வேலை முடிந்து கயிற்றைச் சுற்றியபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முந்நூறு மீட்டர் கயிறு, தையல் நூலைவிடச் சற்றுத் தடிமன், மேலே மஞ்சள் உறை. அதை ஒரு பிளாஸ்டிக் உருளையில் கோழி கிளறிய குப்பைபோலச் சுற்றி வைத்தார்கள். ஓரத்தில் மேடு, நடுவில் பள்ளம். மோட்டார் அறையில் எலி இருக்கிறது, உருளை என் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திண்டுக்கல் வந்தேன். என் நோக்கம் எலி அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, செல்வி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சைக்கிளை முன்னறையில் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தில் உருளையை மாட்டி, கயிறு முழுவதையும் ஒரு கூடைக்குள் இறக்கிவிட்டு, ஈரத்துணிக்குள் விட்டு இழுத்து, மறுபடி ஒழுங்காகச் சுற்றத் தொடங்கினேன்.

"இத அவ சுத்தச் சொன்னாளா?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"சொல்லத் தெரியாது அவளுக்கு."

"கேட்டுட்டுச் செய்யலாம்ல?"

"எஞ்சினியருக்கு நூல் சுத்தத் தெரியுமா? நீ செத்த நேரம் சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். சைக்கிள் இருக்கவில்லை. பாதிக் கயிறு ஏறியிருந்தபோது அது ஆரக்கம்பியில் மாட்டி, நான் பெடலை நிறுத்துவதற்குள் பட்டென்று அறுந்தது.

எனக்குப் பதற்றமே வரவில்லை. இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூல் அறுந்தால் பதறுகிறவன் மேஸ்திரி அல்ல. உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே பட்டுப்போல மஞ்சள் இழைகள், நல்ல தரமான நூல். அந்த இழைகளுக்கு நடுவே நீளமாக ஒரு முடி. வெள்ளையாக, கண்ணாடிபோல மினுக்கிக்கொண்டு. எந்தக் கிழவி நூற்ற நூலோ என்று நினைத்தேன். எஞ்சினியர்கள் ரப்பர் வளையத்தில் முடி பார்க்கிறார்கள், கயிற்றுக்குள் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு அந்த முடியை உருவி, ஒடித்து, குப்பையில் போட்டேன். மஞ்சள் இழைகளை மட்டும் சேர்த்து முடிந்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடத்துக்குப் பிறகு போட்ட முடிச்சு. விரல் மறக்கவில்லை. உறையை மேலே இழுத்துவிட்டு, சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் ஒட்டினேன். உருளை முடிந்தபோது கடையில் விற்கும் கோன்போல அவ்வளவு அழகாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வண்டி தண்ணீரில் இறங்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"பெட்டி பேசலையே" என்றார் ஆனந்த்ராஜ்.

வண்டியைக் கயிற்றைப் பிடித்தே கரைக்கு இழுத்தார்கள். முடிச்சு தாங்கியது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. செல்வி குழாயைத் திறந்தாள், பெட்டியைப் பார்த்தாள், வளையத்தைத் துடைத்தாள், மூடினாள். மறுபடி இறக்கினார்கள். மறுபடி வெறும் திரை.

"கயித்தப் பாத்துரலாமா சார்?" என்றாள் செல்வி.

"அதச் சோதிக்கிற கருவி சென்னைல இருக்கு. சனிக்கிழமை நல்லாத்தான இருந்துச்சு." அவர் என்னைப் பார்த்தார். "ஐயா, வீட்டுல கயித்த யாராச்சும் தொட்டாங்களா?"

தொட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் பெருமாள்சாமி பக்கத்தில் நின்றான், பேச்சாயி நின்றாள். என் வீட்டில் ஒப்படைத்த பொருளை யாராவது தொட்டார்களா என்று ஒருவர் கேட்டதே எனக்குப் பொறுக்கவில்லை. மேலும், முடிந்த நூல் முழு நூல்தான் என்பது மில் நியாயம்.

"எங்க வீட்டுல குடுத்த பொருள யாரும் தொடமாட்டாக சார்" என்றேன். முதுகை வேறு நிமிர்த்திக்கொண்டேன்.

"அப்பா சொன்னாச் சொன்னதுதான் சார்" என்றாள் செல்வி. கயிற்றை விட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெயில் ஏறியது. அவள் குழாயை மூன்றாம் முறை திறந்தாள், நான்காம் முறை திறந்தாள். மூன்று மணிக்கு ஐந்தாம் முறை. இரண்டு வருடம் தானே கட்டிய பெட்டியை அவள் சந்தேகத்தோடு பார்க்கும் முகத்தை நான் தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனந்த்ராஜ் சற்றுத் தள்ளிப்போய், நாலு மணிக்கு இயக்குநரிடம் பேச வேண்டும் என்றார். பெட்டி தோற்றுவிட்டது என்று சொல்வதைத் தவிர வழியில்லை என்றார்.

செல்வி டீயை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெட்டியில இருந்து வெளிச்சம் கிளம்புதுப்பா. அது எனக்குத் தெரியுது. மேல வந்து சேரல."

"வெளிச்சமா? கயித்துலயா?"

"ஆமா. உள்ள முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை இருக்குல்ல, அது வழியாத்தான் பேசுது. சுத்தியிருக்குற மஞ்ச நூலெல்லாம் சும்மா, அது அறுந்துராம இருக்க ஒரு காவல்."

நான் டீயைக் குடித்தேன். காவல்காரனை எல்லாம் வரிசையாக நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டு, ராஜாவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். கயிறு எதனால் ஆனது என்று முதல் நாளே அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்பதும் எங்கள் குடும்ப வழக்கத்தில் இல்லை.

அவள் எழுந்து போனதும் பேச்சாயி வந்தாள். கரையில் குவிந்து கிடந்த கயிற்றை உருளையில் ஏற்றுவதற்காகக் கையில் வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டுக்கொண்டே வந்தவள் திடீரென நின்றாள். அதே இடத்தை விரலால் இரண்டு முறை உருட்டினாள். மில்லில் எத்தனை வருடம் இருந்திருக்கிறாள்.

"மேஸ்திரி" என்றாள் மெதுவாக. "இது உங்க முடிச்சுல்ல?"

"கத்தாத."

"நான் எங்க கத்துறேன்? நீங்கதான் பதினஞ்சு வருசம் கத்துனீக." அவள் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. "ஒரு முடிச்சு தட்டுச்சுன்னு என்னைய மூணு நாள் வெளிய நிக்க வச்சீகளே, ஞாபகம் இருக்கா? அது தட்டுச்சு, ஒத்துக்கிறேன். இதுவும் தட்டுது."

"தட்டாது."

"பசை ஒட்டுனா தட்டாம என்ன செய்யும்?"

நான் ஆனந்த்ராஜ் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாதீக. நான் சொல்லமாட்டேன்" என்றாள். "பெரிய மனுசன் மானம் போகணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. இந்தக் கயித்த இம்புட்டு வெட்டி எடுத்துட்டா ஆருக்குத் தெரியும்? எலி கடிச்சதுன்னு சொல்லிட்டுப் போங்க."

யோசனை நன்றாக இருந்தது. எலி என்பது நானே சொல்லி வைத்த எலிதான், அதற்கு மானமும் கிடையாது. ஆனால் எலி கடித்தாலும் கயிறு என் வீட்டில்தான் இருந்தது. என் வீட்டில் எலி இருக்கிறது என்று ஆகும். நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் இதைப் பற்றித்தான் ஐந்து நிமிடம் யோசித்தேன்.

அதற்குள் ஆனந்த்ராஜ் போனைக் காதில் வைத்திருந்தார். செல்வி அவருக்குப் பக்கத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தலையைத் தடவிக் கொடுத்துத் தப்பித்திருப்பேன். அவர் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக இருந்தாள். "வணக்கம் சார், பெட்டிதான்..." என்று அவர் தொடங்கினார்.

"சார், போனை வைங்க."

என் குரல் மில்லில் ஒலித்ததுபோல் வந்துவிட்டது. தோப்பே திரும்பிப் பார்த்தது.

"கயிறு அறுந்துபோச்சு. நேத்து. நான்தான் முடிஞ்சேன்."

"என்னாது?" என்றான் பெருமாள்சாமி.

செல்வி நிமிர்ந்தாள். "உள்ள இருந்த இழை?"

"முடின்னு நெனச்சேன். பிடுங்கிட்டேன்."

"எம்புட்டு?"

"ஒரு சாண். ரெண்டு பக்கமும்."

பெருமாள்சாமி சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த துண்டு குழிக்குள் விழுந்தது. "அண்ணே, கடலுக்குப் போற சாமானுக்குப் பேன் பாத்துருக்கீகளே!" என்றான். எரியோட்டில் அது மறுநாளே பரவியது. இன்றைக்கும் யாராவது சொல்கிறார்கள்.

செல்வி சிரிக்கவில்லை.

"காலைல சார் கேட்டப்ப?" என்றாள். 

"முடிச்சுப் போட்டா முழு நூலுன்னு..."

"அப்பா. காலைல கேட்டப்ப."

"பொய் சொன்னேன்."

அடுத்து வர வேண்டிய சொல் எங்கள் குடும்பத்தில் புழங்காத சொல். அதை எப்படி எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனந்த்ராஜைப் பார்த்து விறைப்பாக நின்று, "மன்னிக்கலாம்" என்றேன், லீவு கேட்டவனுக்கு அனுமதி கொடுப்பதுபோல. பேச்சாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு செல்வியிடம் திரும்பி மறுபடி முயன்றேன். "மன்னிச்சுரும்மா." இரண்டாவது முறை கொஞ்சம் சரியாக வந்தது.

அவள் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போய்விட்டாள்.

ஆனந்த்ராஜ் இயக்குநரை மறுபடி கூப்பிட்டு, போனை என்னிடமே கொடுத்தார். நீங்களே சொல்லுங்கள் என்றார். "யாரு பேசறது?" என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல். வழக்கமாக அந்தக் கேள்விக்கு என் பாட்டனாரிடம் இருந்து தொடங்குவேன். அன்றைக்கு, "கயித்தக் கெடுத்தவன் சார்" என்று தொடங்கினேன்.

குழுவின் வருகை பத்து நாள் தள்ளிப்போனது. அறிக்கையில், கோளாறு கயிற்றில், பெட்டியில் பழுதில்லை என்று ஆனந்த்ராஜ் எழுதினார். கயிற்றைக் கெடுத்தவர் யார் என்ற இடத்தில் 'உள்ளூர் உதவியாளர்' என்று போட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருட மேஸ்திரி உள்ளூர் உதவியாளரா? முழுப் பெயரையும் பதவியையும் போடும்படி கேட்டேன்.

"குத்தத்துக்காய்யா?" என்றார்.

"எதுக்கா இருந்தாலும் சார்."

வீட்டில் செல்வி என்னோடு பேசினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்றெல்லாம் கேட்டாள். மூன்றாம் நாள் காபி கொடுத்துவிட்டு நின்றாள்.

"நீங்க கயித்த அறுத்தது எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் அத விட வெலையான சாமானெல்லாம் ஒடச்சுருக்கேன். அப்பா சொன்னாச் சொன்னதுதான்னு அம்புட்டுப் பேர் முன்னால சொன்னேன் பாருங்க."

செபாஸ்தியம்மாள் அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

புதுக் கயிறும் அதைச் சோதிக்கும் விளக்கும் சென்னையில் இருந்து வந்தன. குழு வருவதற்கு முந்தின நாள் குவாரிக் கரையில் அதைச் சோதித்தார்கள். ஒரு முனையில் செல்வி சிவப்பு விளக்கை வைப்பாள், மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். பேச்சாயி சமைத்துக்கொண்டிருந்தாள். ஆனந்த்ராஜ் போனில் இருந்தார். செல்வி சுற்றிலும் பார்த்தாள். வேறு ஆள் இல்லை.

"அப்பா, அந்த முனையப் பிடிங்க."

நான் முந்நூறு மீட்டர் கயிற்றின் அந்த முனையைத் துண்டால் நிழலாக்கிக் குனிந்து பார்த்தேன். ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது.

"தெரியுது" என்றேன்.

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

அவள் விளக்கை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். முட்செடிகளை விலக்கிக்கொண்டு கரையைச் சுற்றி என்னிடம் நடந்து வந்தாள். எனக்குக் கோபம் வரப்பார்த்தது. முதுகும் பழக்கத்தில் நிமிர்ந்தது. அவள் என் கையில் இருந்த முனையை வாங்கி, என்னைப்போலவே துண்டுக்கடியில் தலையை விட்டு, தானும் ஒரு முறை பார்த்தாள்.

நான் தள்ளி நின்று இடம் கொடுத்தேன்.